பத்திரமாக அணைப்பது எப்படி? - கணினி அறுபது வருடமாகப் படித்த பாடம்

1969 நவம்பர் 14. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் உள்ள கென்னடி விண்வெளி மையத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. அந்த மழையிலேயே காலை 11.22 மணிக்கு அப்போலோ 12 கலத்தைச் சுமந்துகொண்டு சாட்டர்ன் 5 ராக்கெட் கிளம்பியது. 36-வது வினாடியில் ஒரு மின்னல் தாக்கியது. 52-வது வினாடியில் இன்னொன்று! கலத்துக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்த மூன்று எரிபொருள் மின்கலங்களும் இணைப்பிலிருந்து கழன்றுகொண்டன. வீரர்களின் முன்னால் எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறையின் திரைகளில் வந்த எண்களுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

அப்போது ஜான் ஆரன் என்ற 26 வயது பொறியாளருக்கு, முன்பு ஒரு சோதனையின்போது இதே மாதிரி எண்களைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. ஒரு குறிப்பிட்ட சுவிட்சை மாற்றச் சொன்னார். கலத்தில் இருந்த ஆலன் பீன் அதை மாற்றியதும் எண்கள் சரியாக வர ஆரம்பித்தன. மின்கலங்கள் மறுபடி இணைக்கப்பட்டன. ஐந்து நாள் கழித்து, நவம்பர் 19 அன்று, பீனும் பீட் கான்ராடும் நிலவில் இறங்கினார்கள்.

இந்தச் சம்பவத்தைச் சொல்பவர்கள் எல்லோரும் ஜான் ஆரனின் ஞாபகசக்தியைப் பாராட்டுவார்கள். நியாயம்தான். ஆனால் அன்று இன்னொரு ஞாபகசக்தியும் கைகொடுத்தது. அது கலத்தின் வழிகாட்டும் கணினியுடையது. மின்னலில் மின்னழுத்தம் தடுமாறியபோது அந்தக் கணினி தானாக மறுதொடக்கம் செய்துகொண்டது. கலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று காட்டும் சுழல் கருவிதான் நிலைகுலைந்தது. அதைப் பூமியைச் சுற்றும்போது நட்சத்திரங்களைப் பார்த்துச் சரிசெய்தார்கள். கணினியின் நினைவகத்தில் இருந்தவை அழியவில்லை. யாரும் அதை முறைப்படி அணைக்கவில்லை. "சேமி" என்ற பொத்தானை யாரும் அழுத்தவில்லை.

இங்கேதான் ஒரு விசித்திரம் இருக்கிறது. 1969-ல் விண்கலத்துக் கணினியால் தாங்க முடிந்த ஒரு விஷயத்தை, 1995-ல் மேஜை மேல் இருந்த கணினியால் தாங்க முடியவில்லை. ஒரே ஒரு நொடி மின்சாரம் போனாலும் எழுதிய கட்டுரை போய்விடும். சில சமயம் வன்தட்டில் இருந்த பழைய கோப்புகளும் சேர்ந்து போய்விடும். இருபத்தைந்து வருட முன்னேற்றத்தில் கணினி ஏன் இதில் மட்டும் பின்னால் போனது? பிறகு எப்படி மீண்டு வந்தது?

மறக்காத வளையங்கள்

ஆரம்பகாலக் கணினிகளுக்கும் மறதி உண்டு. 1949-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஓட ஆரம்பித்த எட்சாக் கணினியின் நினைவகம் பாதரசம் நிரப்பிய குழாய்கள். குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒலி அலைகளாகத் தகவல் ஓடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் நின்றால் அலை நிற்கும், தகவலும் அத்தோடு சரி.

1953-ல் எம்.ஐ.டி.யின் வேர்ல்விண்ட் கணினியில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் காந்த வளைய நினைவகத்தைப் பொருத்தினார்கள். கடுகு மாதிரி சின்னச் சின்ன காந்த வளையங்கள், அவற்றின் நடுவே கோத்த மெல்லிய கம்பிகள். வளையம் ஒரு திசையில் காந்தமேறினால் 1, எதிர்த் திசையில் என்றால் 0. காந்தத்துக்கு மின்சாரம் வேண்டியதில்லை அல்லவா? அதனால் கணினியை அணைத்தாலும் வளையம் தன் திசையை மறக்காது. அப்போலோ கணினியில் இருந்ததும் இந்தக் குடும்பத்து நினைவகம்தான். மாற்றி எழுதக்கூடிய பகுதி வெறும் 2,048 சொற்கள்.

ஆனால் மறக்காத நினைவகம் மட்டும் போதாது. கணக்கு பாதியில் நின்றால், எந்த இடத்தில் நின்றது என்றும் தெரிய வேண்டும். அப்போலோ மென்பொருளை எழுதிய எம்.ஐ.டி. குழுவினர் இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். முக்கியமான வேலை ஒவ்வொன்றும், ஒரு கட்டம் முடிந்ததும் "இதுவரை முடிந்தது" என்று நினைவகத்தில் ஒரு குறிப்பு போட்டுவிடும். கணினி திடீரென்று மறுதொடக்கம் ஆனால், முதலிலிருந்து ஆரம்பிக்காமல் அந்தக் குறிப்பைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். நான்கு மாதம் முன்பு, 1969 ஜூலையில், அப்போலோ 11 நிலவில் இறங்கும்போது வேலைப்பளு தாங்காமல் கணினி எச்சரிக்கை கொடுத்து மறுதொடக்கம் ஆனதே, அப்போதும் இந்த ஏற்பாடுதான் காப்பாற்றியது.

பூமியில் இருந்த கணினிகளிலும் இதே யோசனை இருந்தது. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1970-ல் வெளியிட்ட பி.டி.பி.-11 கணினியில், உள்ளே வரும் மின்சாரம் குறைய ஆரம்பித்தவுடன் மின்வழங்கி ஓர் அபாயக் குரல் கொடுக்கும். அந்த நொடியிலிருந்து கணினிக்கு 2 மில்லிநொடி அவகாசம். ஒரு வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு! அதற்குள் செயலியின் கையில் இருந்த எண்களை எல்லாம் காந்த வளையங்களில் எழுதிவிட்டு நின்றுவிட வேண்டும். மின்சாரம் வந்ததும் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒன்றுமே நடக்காததுபோல வேலையைத் தொடரலாம். கணினி வரலாற்றின் மிக வேகமான அவசர அணைப்பு முறைகளில் இதுவும் ஒன்று. மனிதனின் கை இதில் எங்குமே இல்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

மலிவாக வந்த மறதி

1970-ல் இன்டெல் நிறுவனம் 1103 என்ற நினைவகச் சில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு சில்லில் 1,024 பிட்டுகள். கம்பி கோக்க வேண்டாம், இடம் குறைவு, விலையும் குறைவு. சில வருடங்களிலேயே காந்த வளையங்கள் காணாமல் போய்விட்டன.

ஆனால் இந்தச் சில்லு தகவலை வைத்திருப்பது மிகச் சிறிய மின்னூட்டமாக. அது ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி. வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போனால் எல்லாம் காலி. இன்று நாம் "ரேம்" என்று சொல்லும் நினைவகம் இந்த வம்சம்தான். அளவும் வேகமும் மலிவும் கிடைத்தன. அதற்குக் கொடுத்த விலை, மின்சாரம் போனால் எல்லாம் மறந்துபோகும் என்பது.

இனிமேல் நிலையான இடம் என்றால் அது வட்டுதான். ஆனால் வட்டு மெதுவானது. ஒவ்வொரு எழுத்துக்கும் வட்டுவரை போய் வந்தால் வேலை நடக்காது. இதற்கு ஒரு வழி செய்தார்கள். அந்த வழியில்தான் ஆபத்தும் நுழைந்தது.

"எழுதிவிட்டேன்" என்ற சின்னப் பொய்

1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஆரம்பித்த யூனிக்ஸ் இயங்குதளம், வட்டில் எழுத வேண்டியதை உடனே எழுதாது. முதலில் நினைவகத்தில் ஓர் இடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, கேட்ட நிரலிடம் "எழுதியாயிற்று" என்று சொல்லிவிடும். பிறகு மொத்தமாக வட்டுக்குக் கொண்டுபோகும். கடைக்கு ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக ஓடாமல் பட்டியல் போட்டு ஒரே நடையில் வாங்கி வருவது மாதிரி.

இதனால் வேகம் கிடைத்தது. ஆனால் "எழுதியாயிற்று" என்று சொன்னதற்கும் உண்மையாக எழுதியதற்கும் நடுவே ஓர் இடைவெளி பிறந்தது. யூனிக்ஸில் அந்த இடைவெளி சுமார் 30 வினாடிவரை இருக்கலாம். அரை நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் வட்டில் தள்ளுவதற்கென்றே ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. உடனே தள்ளு என்று சொல்ல "சிங்க்" என்ற கட்டளையும் இருந்தது. பழைய யூனிக்ஸ் ஆட்கள் கணினியை நிறுத்துவதற்கு முன் இந்தக் கட்டளையை மூன்று முறை அடிப்பார்கள். மந்திரம் போல இருந்தாலும் அதற்குக் காரணம் உண்டு. சிங்க் கட்டளை வட்டு எழுதி முடிக்கும்வரை காத்திருக்காது. இரண்டாவது, மூன்றாவது முறை தட்டச்சு செய்யும் நேரத்தில் வட்டு தன் வேலையை முடித்துவிடும். மூன்று முறை என்பது, பொறுமைக்கு வைத்த இன்னொரு பெயர்!

அந்த இடைவெளியில் மின்சாரம் போனால்? கோப்பின் பெயர் எழுதப்பட்டிருக்கும், உள்ளடக்கம் எழுதப்பட்டிருக்காது. அல்லது ஒரே இடத்தை இரண்டு கோப்புகள் தனது என்று சொல்லும். இதைச் சரிசெய்ய, வட்டு முழுவதையும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்து முரண்பாடுகளை நீக்கும் "எஃப்.எஸ்.சி.கே." என்ற நிரல் 1970-களில் வந்தது. வட்டு சின்னதாக இருந்தவரை பரவாயில்லை. வட்டுகள் பெரிதாகப் பெரிதாக, ஒரு மின்வெட்டுக்குப் பிறகு சரிபார்ப்பு முடிய மணிக்கணக்கில் ஆனது.

பில் ஜாய் எழுதிய "விஐ" என்ற உரைத்தொகுப்பான் இதே காலத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. தட்டச்சு செய்வதை ஒரு தற்காலிகக் கோப்பிலும் போட்டு வைக்கும். கணினி பாதியில் விழுந்து எழுந்தால், "உங்கள் கோப்பு பத்திரமாக இருக்கிறது, இப்படி மீட்டுக்கொள்ளலாம்" என்று பயனருக்கு ஓர் அஞ்சல் வந்திருக்கும். இன்று அலுவலக மென்பொருள்கள் செய்யும் தானியங்கி மீட்புக்கு இது ஒரு தாத்தா.

சிவப்பு சுவிட்சும் ஆரஞ்சு எழுத்தும்

1981-ல் ஐ.பி.எம். தனிநபர் கணினி வந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு பெரிய சிவப்பு சுவிட்ச். மேலே தள்ளினால் ஓடும், கீழே இழுத்தால் நிற்கும். விளக்கை அணைப்பதுபோல நேராக மின்சாரத்தையே வெட்டும். எம்.எஸ்.-டாஸ் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும் என்பதால், வேலை முடிந்து கட்டளைக் குறி வந்துவிட்டால் அணைத்துவிடலாம் என்ற பழக்கம் எல்லோருக்கும் வந்தது.

1983-ல் வந்த எக்ஸ்.டி. மாதிரியில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. அதோடு புதுக் கவலையும் வந்தது. வன்தட்டில் படிக்கும் முனை, சுழலும் தட்டின் மேல் மயிரிழைக்கும் குறைவான உயரத்தில் காற்றில் மிதக்கிறது. சுழற்சி நின்றால் முனை தட்டின் மேல் உட்காரும். அக்காலத்து மலிவான வன்தட்டுகளில் முனை எங்கே நின்றிருந்ததோ அங்கேயே இறங்கும். அதற்குக் கீழே யாருடைய கணக்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதனால் அணைக்கும் முன், முக்கியமாகக் கணினியை இடம் மாற்றும் முன், "பார்க்" என்ற நிரலை ஓட்டி முனையை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது. பின்னால் வந்த வன்தட்டுகள் இதைத் தாமே செய்துகொண்டன. மின்சாரம் போனதும், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் வேகத்தையே மின்சாரமாக மாற்றி, அந்தச் சொற்ப சக்தியில் முனையை ஓரத்துக்கு இழுத்துக்கொள்கின்றன. சாகப்போகும் நேரத்தில் கடைசி மூச்சைச் சேமித்து வீட்டைப் பூட்டுவது மாதிரி!

1993-ல் எம்.எஸ்.-டாஸ் 6.0 வந்தபோது யூனிக்ஸின் அந்தச் சின்னப் பொய் வீட்டுக் கணினிக்கும் வந்து சேர்ந்தது. அதில் இருந்த ஸ்மார்ட்டிரைவ் என்ற நிரல், எழுத வேண்டியதைச் சில வினாடிகள் நினைவகத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். மக்களோ பழைய பழக்கத்தில் கட்டளைக் குறியைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்தார்கள். கோப்புகள் கெட்டன. புகார்கள் குவிந்தன. அதே வருடக் கடைசியில் வந்த 6.2 பதிப்பில், பிடித்து வைத்ததை எல்லாம் எழுதி முடித்த பிறகே கட்டளைக் குறியைக் காட்டும்படி மைக்ரோசாஃப்ட் மாற்றியது. மக்களின் பழக்கத்தை மாற்ற முடியவில்லை, நிரலை மாற்றினார்கள்.

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியானது. நிறுத்துவதற்கு "ஸ்டார்ட்" பொத்தானை அழுத்த வேண்டும் என்பது அன்றைய பிரபலமான கேலி. அழுத்தினால் கொஞ்ச நேரம் கழித்துக் கறுப்புத் திரையில் ஆரஞ்சு நிற எழுத்தில், இப்போது கணினியை அணைப்பது பாதுகாப்பானது என்று ஓர் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பின் உண்மையான அர்த்தம் என்ன? "இதுவரை அணைத்திருந்தால் பாதுகாப்பில்லை" என்பதுதான்! பாதுகாப்பின் பொறுப்பு முழுவதும் பயனரின் விரலில் வந்து நின்றது. விரலைக் கேட்காமல் மின்சாரம் போனால், அடுத்த முறை கணினியைப் போடும்போது ஸ்கேன்டிஸ்க் வட்டைச் சோதிக்க ஆரம்பிக்கும்.

சிட்டாவும் பேரேடும்

இதற்கான விடை வேறொரு இடத்தில் ஏற்கெனவே தயாராகியிருந்தது. அது வங்கிகளுக்காகத் தரவுத்தளம் எழுதியவர்களிடம்.

ஒரு கணக்கிலிருந்து 1,000 ரூபாயை எடுத்து இன்னொரு கணக்கில் போட வேண்டும். முதல் கணக்கில் கழித்தாயிற்று. இரண்டாவதில் கூட்டுவதற்குள் மின்சாரம் போய்விட்டது. அந்த 1,000 ரூபாய் எங்கே? கட்டுரை தொலைந்தால் திரும்ப எழுதலாம். பணம் இப்படி அந்தரத்தில் தொங்கக் கூடாது.

பழைய மளிகைக் கடைகளில் இதற்கு விடை உண்டு. வியாபாரம் நடக்கும்போது முதலில் நாட்சிட்டாவில் வரிசையாகக் குறித்துக்கொள்வார்கள். பிறகு நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். பேரேட்டில் ஏற்றும்போது பாதியில் நின்றுபோனாலும் கவலையில்லை. சிட்டாவைப் பார்த்தால் எது ஏறியது, எது ஏறவில்லை என்று தெரிந்துவிடும்.

1970-களில் ஐ.பி.எம்.மின் சான் ஹொசே ஆய்வகத்தில், சிஸ்டம் ஆர் என்ற தரவுத்தளத்தை உருவாக்கியவர்கள் இதைத்தான் கணினிக்கு ஏற்ற வடிவத்தில் செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஜிம் கிரே. ஒரு பரிமாற்றம் முழுதாக நடக்க வேண்டும், இல்லை நடக்கவே கூடாது, பாதி என்பது கிடையாது என்ற கொள்கையை அவர் தெளிவாக வரையறுத்தார். இந்தத் துறைக்குச் செய்த பணிக்காக 1998-ம் ஆண்டின் டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. 2007 ஜனவரியில் தனியாகப் படகில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை.

அடிப்படை விதி ஒன்றே ஒன்றுதான். எதையும் மாற்றுவதற்கு முன், என்ன மாற்றப் போகிறோம் என்பதைச் சிட்டாவில் எழுது. சிட்டா வட்டில் பத்திரமாக ஏறிய பிறகே பேரேட்டில் கை வை. அவ்வளவுதான்!

சொல்வது சுலபம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் தரவுத்தளத்தில், வேகமும் குறையாமல் இதைச் செய்வது மிகவும் சிக்கல். அதை முழுமையாகத் தீர்த்த முறைக்கு ஏரீஸ் என்று பெயர். 1992-ல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றியவர். ஏரீஸ் முறையில் கணினி மயங்கி எழுந்ததும் மூன்று வேலை செய்யும். முதலில் சிட்டாவைப் படித்து, விழுந்தபோது நிலைமை என்ன என்று கண்டுபிடிக்கும். அடுத்து, எழுதப்படாமல் போனவற்றைத் திரும்பச் செய்யும். கடைசியாக, பாதியில் நின்ற பரிமாற்றங்களைச் செய்யாத மாதிரி துடைத்துவிடும். அந்தத் துடைக்கும் வேலையின் நடுவே மறுபடி மின்சாரம் போனால்? அதையும் யோசித்திருந்தார்கள். துடைப்பதையும் சிட்டாவில் குறித்துக்கொண்டே துடைக்கும். பல பெரிய தரவுத்தளங்களின் மீட்பு முறை இன்றும் இந்த வழியில்தான் நடக்கிறது.

வீட்டுக் கணினிக்கு வந்த சிட்டா

வங்கிக்கு வந்த இந்த வசதி மெல்ல மெல்லக் கோப்பு முறைமைக்குள்ளும் இறங்கியது. 1990-ல் ஐ.பி.எம். தன் ஏ.ஐ.எக்ஸ். இயங்குதளத்தில் ஜே.எஃப்.எஸ். என்ற கோப்பு முறைமையைக் கொண்டுவந்தது. 1993-ல் விண்டோஸ் என்.டி.யுடன் என்.டி.எஃப்.எஸ். வந்தது. லினக்ஸுக்கு ஸ்டீஃபன் ட்வீடி உருவாக்கிய எக்ஸ்ட்3, 2001 நவம்பரில் அதிகாரபூர்வ லினக்ஸ் கருவில் சேர்ந்தது. 2002-ல் ஆப்பிளின் மேக் ஓ.எஸ். எக்ஸிலும் இந்த வசதி வந்தது. மின்வெட்டுக்குப் பிறகு வட்டு முழுவதையும் துழாவ வேண்டியதில்லை. சிட்டாவின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் போதும். மணிக்கணக்கு வேலை வினாடிக் கணக்காகக் குறைந்தது.

இதே காலத்தில் பொத்தானுக்கும் புத்தி வந்தது. 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். வடிவமைப்பில் முன்பக்கப் பொத்தான் மின்சாரத்தை வெட்டுவதில்லை. அது வெறும் விண்ணப்பம். "அணைக்கச் சொல்கிறார்கள்" என்று தாய்ப்பலகைக்குச் சேதி போகும். 1996-ல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா சேர்ந்து வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. தரநிலைப்படி அந்தச் சேதியை இயங்குதளம் வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டு, தானே மின்சாரத்தை நிறுத்தும். ஆரஞ்சு எழுத்துக்கு வேலை இல்லாமல் போனது. இயங்குதளமே உறைந்துபோனால் என்ன செய்வது என்பதற்கும் வழி வைத்தார்கள். பொத்தானை 4 வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் யாரையும் கேட்காமல் மின்சாரம் போய்விடும்.

யு.பி.எஸ். பெட்டியும் இந்தப் பேச்சில் கலந்துகொண்டது. பலர் அதை வேலையைத் தொடர்வதற்கான கருவி என்று நினைக்கிறார்கள். உண்மையில் சின்ன யு.பி.எஸ்.ஸின் முக்கிய வேலை, ஒழுங்காக நிறுத்துவதற்குச் சில நிமிடம் வாங்கிக் கொடுப்பது. அதிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி போட்டுவிட்டால், மின்கலம் தீரப்போகிறது என்று அதுவே சொல்லும், கணினி தானே நின்றுகொள்ளும். பி.டி.பி.-11-க்குக் கிடைத்த 2 மில்லிநொடி இங்கே ஐந்து, பத்து நிமிடமாகத் திரும்பி வந்திருக்கிறது.

சிட்டா காப்பாற்றாதவை

அப்படியானால் இனி கவலையே இல்லையா? இருக்கிறது. 2009-ல், அப்போது புதிதாக வந்திருந்த எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் பயன்படுத்திய சிலருக்கு ஓர் அதிர்ச்சி. கணினி உறைந்து மறுதொடக்கம் ஆனதும் வட்டில் எந்தப் பிழையும் இல்லை. ஆனால் கடைசியாக மாற்றிய கோப்புகள் பூஜ்ய பைட்டாகக் கிடந்தன! எக்ஸ்ட்4 வேகத்துக்காக, உள்ளடக்கத்தை எழுதுவதை முன்பைவிட அதிக நேரம் தள்ளிப்போட்டதுதான் காரணம். கட்டாயம் வட்டில் ஏற வேண்டும் என்றால் நிரல் எழுதுபவர்கள் அதற்குரிய கட்டளையைக் கொடுக்க வேண்டும் என்று அதன் முதன்மை உருவாக்குநர் தியோடர் ட்சோ விளக்கினார். கூடவே, பழைய நிரல்கள் வழக்கமாகச் செய்யும் முறையை அடையாளம் கண்டு பாதுகாக்கும் திருத்தத்தையும் சேர்த்தார்.

இந்தச் சம்பவம் சொல்லும் உண்மை முக்கியமானது. கோப்பு முறைமையின் சிட்டா பெரும்பாலும் காப்பாற்றுவது வட்டின் ஒழுங்கை. அரை நிமிடம் முன்பு தட்டச்சு செய்த பத்தியை அல்ல. வீடு இடியாமல் இருக்கும், ஆனால் வெளியே காயப்போட்ட துணி போயிருக்கலாம். அதுபோல, பென் டிரைவ்களில் பரவலாக இருக்கும் ஃபேட் வகைக் கோப்பு முறைமைகளுக்குச் சிட்டா கிடையாது. "பாதுகாப்பாக நீக்கு" என்பதைச் செய்யாமல் பிடுங்குவது, இன்றும் 1993-ல் சிவப்பு சுவிட்சை அணைத்த அதே செயல்தான்.

அவசரத்தில் என்ன செய்வது?

இந்த வரலாற்றிலிருந்தே அவசர காலத்துக்கான வரிசை கிடைத்துவிடுகிறது.

தீ, தண்ணீர், கருகும் வாசனை என்றால் தரவைப் பற்றி யோசிக்கவே கூடாது. கையில் ஈரமில்லாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு விலக வேண்டும். கோப்பு முறைமை சிட்டாவைப் பார்த்து எழுந்துகொள்ளும். மனிதருக்குச் சிட்டா கிடையாது.

யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தால், முதலில் திறந்திருக்கும் கோப்பைச் சேமிக்க வேண்டும். பிறகு வெளி வன்தட்டு, பென் டிரைவை முறைப்படி நீக்க வேண்டும். பிறகு அணைக்கும் கட்டளை. மடிக்கணினி என்றால் அதன் மின்கலமே யு.பி.எஸ். அது தீரும் நிலையில் நினைவகத்தில் உள்ளதை அப்படியே வட்டில் எழுதிவிட்டு நிற்கும் உறக்க நிலையும் உண்டு.

கணினி உறைந்துவிட்டால், பொத்தானை ஒரு முறை மெதுவாக அழுத்திவிட்டுச் சில நிமிடம் காத்திருக்கலாம். திரைதான் உறைந்திருக்கும், உள்ளே இயங்குதளம் விழித்திருக்கக்கூடும். லினக்ஸில் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ விசைகளைப் பிடித்துக்கொண்டு ஆர், ஈ, ஐ, எஸ், யு, பி என்று இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அழுத்தும் வழி உண்டு. விசைப்பலகையை மீட்பது, நிரல்களை முடியச் சொல்வது, முடியாதவற்றை நிறுத்துவது, எல்லாவற்றையும் வட்டில் எழுதுவது, வட்டை எழுத முடியாதபடி பூட்டுவது, மறுதொடக்கம் என்பது அதன் வரிசை. பல லினக்ஸ் தொகுப்புகளில் இதன் ஒரு பகுதி மட்டுமே இயக்கப்பட்டிருக்கும். எதற்கும் அசையவில்லை என்றால், வட்டு விளக்கு மின்னாமல் இருக்கும் நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்திப் பிடிப்பது கடைசி வழி.

2003-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கண்டியா, அர்மாண்டோ ஃபாக்ஸ் இருவரும் ஒரு கட்டுரையில் வித்தியாசமான யோசனை சொன்னார்கள். மென்பொருளுக்கு முறையான நிறுத்தம் என்று தனியாக எதற்கு? எப்படியும் ஒருநாள் திடீரென்று விழத்தான் போகிறது. எப்போது விழுந்தாலும் எழுந்துகொள்ளும்படி கட்டிவிட்டால், விழுவதையே நிறுத்தும் வழியாக வைத்துக்கொள்ளலாமே என்பதுதான் அது. கேட்க விளையாட்டாக இருந்தாலும், மின்னல் தாக்கிய கலத்தில் 1969-ல் ஓடிக்கொண்டிருந்த கணினி இதே எண்ணத்தில்தான் கட்டப்பட்டிருந்தது.

காந்த வளையத்திலிருந்து சில்லுக்கு, சிவப்பு சுவிட்சிலிருந்து ஆரஞ்சு எழுத்துக்கு, அங்கிருந்து சிட்டாவுக்கு என்று இத்தனை தூரம் வந்த பிறகு கணினிகள் கற்றுக்கொண்டது ஒன்றுதான். மின்சாரம் சொல்லிவிட்டுப் போகாது. அதனால் பத்திரமாக அணைப்பது என்பது கடைசி நிமிடத்தில் செய்யும் வேலை அல்ல, ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்துகொண்டிருக்க வேண்டிய வேலை. கணினி அதைத் தன் பங்குக்குச் செய்துவிட்டது. நாளைக்குக் கொடுக்க வேண்டிய புராஜெக்ட் கோப்பைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேமிப்பதும், வேறோர் இடத்தில் ஒரு பிரதி வைப்பதும் மட்டும் இன்னும் மனிதனின் பங்காக மிச்சமிருக்கிறது.